'எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால்…' என்று சொல்வது ஏற்றுக்கொள்வது ஆகுமா?

பதிவு 1 – தேடல்

அனைவருக்கும் வணக்கம். ஏழு மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைவிட ஆறு வயது இளைய தம்பி எனக்கு ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் இரவு, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, தான் ஆண்களிடமே ஈர்ப்புக் கொள்ளும் தன்பாலீர்ப்பாளன் என்றும், பதினான்கு வயதிலேயே அது தனக்குத் தெரிந்துவிட்டது என்றும், இனி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் முதலில் என்னிடம் சொல்வதாகவும் அவன் கூறினான். நான் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை, ஆனால் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், என் பிள்ளைகளின் காதில் விழும்படியும் பேச வேண்டாம்" என்றேன். "சரி அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எண்ணியபடியே அன்று உறங்கினேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தொலைபேசியில் அழைத்து மணிக்கணக்கில் பேசுகிறவன், இப்போது மாதத்துக்கு ஒரு முறை அழைத்து, அம்மாவின் உடல்நிலையை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறான். என் மகள் "சித்தப்பா ஏன் வருவதில்லை?" என்று கேட்கும்போது எனக்குச் சொல்லப் பதில் இல்லை. ஒருவர் எந்தச் சாதியில், எந்த மதத்தில் பிறந்தார் என்று பாராமல் பழகுகிறவன் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக என்னைப் பற்றி நான் நினைத்து வந்தேன். அப்படிப்பட்ட என்னிடம் இருப்பதும் முன்முடிவுதானா, அல்லது குடும்பத்தைப் பற்றிய இயல்பான கவலை மட்டும்தானா? முன்முடிவுதான் என்றால், அதை எந்த முனையில் அவிழ்க்கத் தொடங்குவது?

பதிவு 2 – நீள்வானம்

நண்பர் தேடலுக்கு வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். உங்கள் கேள்வியைப் போன்ற கேள்விகளைப் பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தோரிடமிருந்தும் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் நல்லவர்கள்.

முன்முடிவு என்றவுடன் நாம் வெறுப்பைத்தான் நினைக்கிறோம். வெறுப்பு இல்லாத இடத்தில் முன்முடிவும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் அதற்கு வெறுப்பு தேவையில்லை, பழைய பகை தேவையில்லை, ஏன், உண்மையான வேறுபாடுகூடத் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை 1970-இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில், எந்த ஓவியரின் படங்களை விரும்பினார்கள் என்பதன்படி பிரிப்பதாகச் சொல்லிச் சிறுவர்களை இரண்டு குழுக்களாக்கினார். உண்மையில் அந்தப் பிரிவினை வெறும் குலுக்கல்தான். தங்கள் குழு எது என்பதைத் தவிர, வேறு யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும், பரிசுப் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது அவர்கள் தங்கள் குழுவுக்கே சார்பாகப் பங்கிட்டார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய முனைப்பு. நாம், அவர்கள் என்று ஒரு கோடு விழுந்தவுடன் மனம் தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆகவே உங்களிடம் அது இருப்பதில் வியப்பும் இல்லை, அதற்காக நீங்கள் கூசிப்போக வேண்டியதும் இல்லை.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றது கவலையாக இருக்கலாம். அதைப் பற்றித் தம்பியோடு பேசி ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் பிள்ளைகளின் காதில் விழக் கூடாது என்றீர்களே, அதைச் சற்று நிறுத்தி வைத்துப் பாருங்கள். அவர்களிடமிருந்து எதைத் தள்ளி வைக்கிறோம்? தீங்கு தருவதை, அல்லது அவர்கள் வயதுக்கு மீறியதை. உங்கள் திருமணம் பற்றி, உங்கள் மனைவி பற்றி அவர்கள் முன்னால் பேசுவதை நீங்கள் அப்படி நினைப்பதில்லை. அவன் யாரை நேசிக்கிறான் என்பது மட்டும் ஏன் அந்தப் பட்டியலில் சேர்ந்தது? அன்றிரவு தம்பியின் மனத்தில் தைத்தது அந்த இரண்டாவது நிபந்தனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 3 – மெய்ப்பொருள்

அம்மா நீள்வானம் அவர்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் எழுபதைத் தாண்டியவன், ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓரினச்சேர்க்கை இயற்கைக்கு மாறானது என்றுதான் என் தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டது; அதை ஒரு நோய் என்று மருத்துவ நூல்களே எழுதியிருந்தன. என் சமய நம்பிக்கையும் அதை ஏற்பதில்லை. இவற்றையெல்லாம் ஒரே நாளில் நான் உதறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அதே நேரத்தில், யாரையும் அடிக்கவோ, இழிவாகப் பேசவோ, வேலையிலிருந்து நீக்கவோ நான் ஒருபோதும் துணை போக மாட்டேன். நண்பர் தேடலும் தம் தம்பியை வீட்டை விட்டு விரட்டவில்லை, அன்போடுதான் பேசியிருக்கிறார். வெறுக்காமல் இருப்பது போதாதா? அதற்கு மேலும் கொண்டாட வேண்டும் என்று கேட்கிறீர்களா? சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே விடை தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதிவு 4 – கரையோரம்

ஐயா மெய்ப்பொருள் அவர்களுக்கு வணக்கம். நான் தன்பாலீர்ப்பாளன். இந்த அவையில் இதைச் சொல்வது இதுவே முதல் முறை. நீங்கள் நேர்மையாகக் கேட்டதால் நானும் அவ்வாறே விடை சொல்ல முயல்கிறேன்.

முதலில் மருத்துவம். நோய் என்று மருத்துவ நூல்கள் எழுதியிருந்தன என்பது உண்மை. அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிறைகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் இருந்தவர்களையே பெரும்பாலும் ஆராய்ந்து, அவர்களிடம் கண்ட துன்பத்தைத் தன்பாலீர்ப்பாளர் அனைவரின் இயல்பு என்று எழுதினார்கள். அமெரிக்க உளவியலாளர் எவிலின் ஹூக்கரிடம், அவரிடம் படித்த மாணவர் ஒருவர், "எங்களைப் போன்றவர்களை ஆராய்ந்து பாருங்கள்" என்று வற்புறுத்தினார். ஹூக்கர், சிகிச்சை எதையும் நாடாமல் இயல்பாக வாழ்ந்து வந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், வயதிலும் கல்வியிலும் நுண்ணறிவிலும் அவர்களுக்கு இணையான மற்ற ஆண்கள் 30 பேரையும் உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தி, யாருடைய விடைத்தாள் எது என்று குறிப்பிடாமல் மூன்று வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அந்த ஆய்வு 1957-இல் வெளியானது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. நீங்கள் படித்த நூல் அன்று அப்படித்தான் எழுதியிருக்கும், ஐயா. எழுதியவர்களே பின்னர் அதைத் திருத்திவிட்டார்கள் என்ற செய்திதான் பலருக்கு வந்து சேரவில்லை.

இயற்கையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான விலங்கினங்களில் தன்பால் நடத்தை காணப்படுகிறது என்பதைப் பலர் சான்றாகக் காட்டுவார்கள், அது உண்மைதான். ஆனாலும் நான் மதிக்கப்பட வேண்டுமா என்பதை விலங்குகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம்.

வெறுக்காமல் இருப்பது போதாதா என்று கேட்டீர்கள். அதற்கு என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். என் துணைவரும் நானும் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். என் அலுவலகத்தில் யாரும் என்னை வெறுப்பதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு வினைமுற்றையும் எடைபோட்டுப் பார்ப்பேன். 'வந்தான்' என்று சொல்லிவிடக் கூடாது, 'வந்தாள்' என்று பொய் சொல்லவும் மனம் வராது. ஆகவே 'அவர் வந்தார், அவர் சொன்னார்' என்றே ஒன்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். நம் மொழியில் மரியாதைக்காக இருக்கும் 'அவர்' என்ற சொல் எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது. என் துணைவரை நான் மிகவும் மதிக்கிறேன் என்று உடன் பணியாற்றுவோர் நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்குச் சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை நடந்தபோது, விடுப்புக் கடிதத்தில் 'நண்பருக்கு உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். நண்பருக்காக எதற்கு நான்கு நாள் விடுப்பு என்று மேலாளர் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அன்று மருத்துவமனைக்குப் போகாமல் வேலைக்குப் போனேன்.

கொண்டாட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஐயா. உங்கள் துணைவியாருக்கு உடல்நலம் குன்றினால் 'என் மனைவிக்கு' என்று எழுதுவீர்கள் அல்லவா, அந்த ஒரு சொல்லை எழுதும்போது உங்களுக்கு இல்லாத அச்சம் எனக்கும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

பதிவு 5 – சொல்லாழி

கரையோரம் எழுதியதைப் படித்து நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிறு வயதிலிருந்து திக்குவாய் உண்டு. எந்தச் சொல்லில் திக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போய் வேறு சொல்லைப் போட்டுப் பேசுவது எனக்குப் பழகிய வேலை. ஆகவே ஒவ்வொரு வினைமுற்றையும் எடைபோடுவது எத்தனை களைப்பைத் தரும் என்பதை ஓரளவு நான் அறிவேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. ஒதுக்கப்பட்டவர்கள் பிறரை ஒதுக்க மாட்டார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். என் அளவில் அது பொய். பத்து ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய ஒரு பெண், இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள் என்று அறிந்தபோது, அவளுடன் தனியாகச் செல்வதை நான் தவிர்த்தேன். அவள் என்னைத் தவறாக நெருங்கியதே இல்லை. என் பேச்சு தடைப்படும்போது குறுக்கிட்டுச் சொல்லை முடித்து வைக்காமல் பொறுமையாகக் காத்திருந்த ஒரே ஆளும் அவள்தான். நான் விலகுவதை அவள் கவனித்தாள், எதுவும் கேட்கவில்லை. சில மாதங்களில் வேறு இடத்துக்கு மாறிச் சென்றுவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. அதில் மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தாள், மீண்டும் தோழியாகலாம் என்று எழுதவில்லை. நண்பர் தேடல் ஏழு மாதத்தில் விழித்துக்கொண்டது நல்லது. தம்பி இன்னும் மாதம் ஒரு முறையாவது அழைக்கிறார்.

பதிவு 6 – கார்காலம்

இந்த இழைக்குத் தொடர்புடைய ஒன்று நினைவுக்கு வருகிறது. தன்பாலீர்ப்பாளர் ஒருவர் வீடு தேடி வந்து இருபது நிமிடம் தன் கதையைப் பேசினாலே மக்களின் மனம் மாறி, ஒன்பது மாதங்களுக்குப் பின்னும் அந்த மாற்றம் நிலைத்திருக்கும் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிறுவியிருக்கிறது. ஆகவே தம்பியே அம்மாவிடம் நேரில் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பதிவு 7 – நீள்வானம்

நண்பர் கார்காலம், நீங்கள் குறிப்பிடும் ஆய்வு 2014 டிசம்பரில் 'சயன்ஸ்' என்ற அறிவியல் இதழில் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அதன் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று தெரிந்து 2015 மே மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. நல்ல நோக்கத்துக்கும் பொய்ச் சான்று உதவாது என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அதில் இருந்த முரண்பாடுகளை வெளிக்கொணர்ந்தவர்களுள் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற ஆய்வாளர் இருவர், தாங்களே ஒரு களச் சோதனையை முறையாக நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். அது அமெரிக்காவின் மயாமியில் நடந்தது. திருநர், அதாவது திருநங்கையர், திருநம்பியர் போன்றோர் மீதான முன்முடிவைப் பற்றியது. வீட்டு வாசலில் நின்று ஏறக்குறைய பத்து நிமிடம் உரையாடியதன் விளைவு மூன்று மாதங்களுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. உரையாட வந்தவர் திருநராக இருந்தபோதும் இல்லாதபோதும் பலன் கிடைத்தது என்பதுதான் நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமான செய்தி. வந்தவர்கள் வாதம் செய்யவில்லை, புள்ளிவிவரம் அடுக்கவில்லை. மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்பதற்காக நீங்கள் எப்போதாவது குறைவாக மதிப்பிடப்பட்டதுண்டா என்று கேட்டு, வீட்டிலிருந்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். திக்குவாயைப் பற்றிச் சொல்லாழி இங்கே எழுதினாரே, ஏறக்குறைய அப்படி ஒரு நினைவைத்தான் அவர்கள் எதிரில் இருப்பவரிடம் எழுப்ப முயன்றார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. அம்மாவின் மனத்தை மாற்றும் பாரத்தை முழுவதும் தம்பியின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அண்ணனும் அந்தப் பேச்சைத் தொடங்கலாம், தம்பி அதற்கு இசைந்தால் மட்டும்.

நேரடிப் பழக்கத்துக்கும் பலன் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதை எழுதினார்: சமமான நிலையில், பொதுவான ஒரு வேலைக்காக, ஒத்துழைத்து, மேலிருப்போரின் ஆதரவோடு பழகும்போது முன்முடிவு குறையும் என்றார். 2006-இல் பெட்டிகுரூ, டிராப் என்ற ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் அப்படியே குறைந்திருந்தது. தன்பாலீர்ப்பாளரோடு ஏற்பட்ட பழக்கத்தில் அந்த விளைவு குறிப்பிடத்தக்க அளவு வலுவாக இருந்தது. எனினும் பழக்கம் என்பதற்கு ஒரே வீட்டில் இருப்பது என்று பொருளில்லை. தன்னைப் பற்றிய முக்கியமான ஒன்றை ஒருவர் மறைத்தே வாழ வேண்டும் என்ற நிலையில் நாற்பது ஆண்டுகள் உடனிருந்தாலும் அவரை நாம் அறியப்போவதில்லை. அதனால்தான் 'நீ எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள், வெளியே காட்டாதே' என்ற ஏற்பாடு, பார்ப்பதற்கு மென்மையாக இருந்தாலும், முன்முடிவு கரையக்கூடிய வழியையே அடைத்துவிடுகிறது.

பதிவு 8 – மெய்ப்பொருள்

கரையோரத்தின் விடையை மூன்று முறை படித்தேன். விடுப்புக் கடிதம் பற்றிய பகுதியை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவள் "அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறானா என்று கேளுங்கள்" என்றாள். கேட்கிறேன்.

எனக்கு இன்னொரு ஐயமும் உண்டு. நான் 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதினேன், நீங்கள் எல்லோரும் 'தன்பாலீர்ப்பு' என்று எழுதுகிறீர்கள். நான் பயன்படுத்தியது இழிவான சொல்லா? நான் அறிந்து இழிவுபடுத்தவில்லை.

பதிவு 9 – கரையோரம்

ஐயா, அவர் நன்றாக இருக்கிறார் என்று உங்கள் துணைவியாரிடம் சொல்லுங்கள். கேட்டதற்கு நன்றி.

சொல்லைப் பொறுத்தவரை, நீங்கள் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். செய்தித்தாள்கள் நெடுங்காலம் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தின. 'சேர்க்கை' என்பது உடலுறவை மட்டுமே சுட்டுகிறது. என் முழு வாழ்வையும் அந்த ஒரு செயலுக்குள் அடைத்துவிடுகிறது. 'ஈர்ப்பு' என்றால் அதில் அன்பும், ஏக்கமும், ஒருவரை நினைத்துக் காத்திருப்பதும் அடங்கும். உங்களுக்கும் உங்கள் துணைவியாருக்கும் இடையில் இருப்பதைச் 'சேர்க்கை' என்று யாராவது சுருக்கினால் உங்களுக்கு வலிக்கும் அல்லவா?

சமய நம்பிக்கையை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசாதவர்களைக் கண்டால் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாதுகாப்புக் கேட்டு வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்தபோது, இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பெழுதினார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையும் தடை செய்தார். நீதிபதி இருக்கையில் இருப்பவர் ஒரு மாணவரைப் போல அமர்ந்து கேட்டார் என்பது, அந்தத் தீர்ப்பு எனக்குத் தந்த பாதுகாப்பைப் போலவே எனக்கு முக்கியமானது.

பதிவு 10 – மெய்ப்பொருள்

இனி 'தன்பாலீர்ப்பு' என்றே எழுதுகிறேன். என் நம்பிக்கையில் சில கேள்விகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவை தீர்ந்துவிட்டதாகச் சொன்னால் அது உங்களுக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். என் முன்னால் அமர்ந்திருந்தவர்களுள் எத்தனை பேர் கரையோரத்தைப் போல ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நேற்றிரவு எண்ணத் தொடங்கினேன். ஒரு மாணவனின் முகம் தெளிவாக நினைவுக்கு வருகிறது. அவனுடைய நடையைச் சொல்லி மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது நான் அதட்டவில்லை.

பதிவு 11 – தேடல்

இரண்டு வாரமாக இங்கே எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்கள் அனைவருக்கும் நன்றி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வீட்டுக்குச் சென்றேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவன் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "அன்றிரவு நான் சொன்னதில் இரண்டாவது பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றது தன்னை அவ்வளவாக வருத்தவில்லை என்றும், தானே அதற்கு இன்னும் அணியமாகவில்லை என்றும் சொன்னான். அம்மா நீள்வானம் ஊகித்தது சரிதான். என் மகளைத் தூக்கி வளர்த்தவன் அவன். நான் அன்று அப்படிச் சொன்ன பிறகு, அவள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போதுகூட நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்று தேடத் தொடங்கிவிட்டதாகவும், அதனால்தான் வருவதை நிறுத்தியதாகவும் சொன்னான். நான் அப்படி ஒருபோதும் நினைக்கவில்லை என்றேன். "நீ நினைத்திருக்க மாட்டாய் அண்ணா, ஆனால் நீ சொன்னதற்கு அதுதானே பொருள்" என்றான்.

இன்னொன்றும் சொன்னான். அவனுக்கு ஒருவர் இருக்கிறார் என்று அன்றிரவே சொல்லியிருந்தானாம். எனக்கு அது காதிலேயே விழவில்லை, அல்லது விழுந்தும் உள்ளே போகவில்லை. "நான்கு ஆண்டாக ஒருவரோடு இருக்கிறேன் என்று சொன்னேன், நீ அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை" என்றான். தம்பியும் 'அவர்' என்றே சொன்னதைக் கவனித்தேன். கரையோரம் எழுதியது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

பெயரைக் கேட்டேன். சொன்னான். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டேன். அவன் சொல்லத் தொடங்கி, நடுவில் ஓரிடத்தில் 'அவர்' போய் 'அவன்' வந்தது. பிறகு முடியும்வரை 'அவன்' என்றே சொன்னான். நான் கிளம்பும்போது இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. அடுத்த மாதம் என் மகளின் பிறந்தநாளுக்கு இருவரும் வருகிறார்கள். அவரை யார் என்று அவளிடம் சொல்வது என்பதைத் தம்பியிடமே கேட்டேன். "சித்தப்பாவின் துணை என்று சொல், அவள் வேறு ஏதாவது கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றான்.